மறுப்பின் மதிப்பு

தண்ணீர் இன்றி உயிர்வாழ முடியாது. ஆனால், அதன் விலை குறைவு. வைரம் இன்றி வாழ்ந்துவிடலாம். ஆனால், அதன் விலை மிக அதிகம். ஆடம் ஸ்மித் எழுப்பிய இந்தப் புதிரோடுதான் பொருளாதார வகுப்புகள் பெரும்பாலும் தொடங்கும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நானும் அப்படித்தான் தொடங்கினேன். கிடைப்பதற்கு அரிதான பொருளுக்கே விலை கூடும் என்று விளக்கிவிட்டு, மாணவர்களின் கவனத்தை ஈர்க்க அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணத்தையும் சேர்த்துக்கொள்வேன். சிகரெட் பெட்டிக்குள் இலவசமாக வைக்கப்பட்ட சிறிய பட அட்டை ஒன்று, நூறு ஆண்டுகள் கழித்துப் பல லட்சம் டாலருக்கு விற்பனையாகிறது என்பேன். அந்த அட்டையில் இருப்பவர் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரர்.

ஒருமுறை மாணவி ஒருவர் எழுந்து, அதே வரிசையில் வெளியான மற்ற வீரர்களின் அட்டைகள் தாராளமாகக் கிடைக்கும்போது இவருடைய அட்டை மட்டும் ஏன் அரிதானது என்று கேட்டார். அளிப்பு இடையில் நின்றுவிட்டது என்று பாடநூல் மொழியில் விடை கூறிவிட்டு அடுத்த தலைப்புக்குச் சென்றுவிட்டேன். அளிப்பை நிறுத்தியது யார், எதற்காக என்பதை நான் தேடிப் படித்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான். அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை, ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதை.

ஜோஹன்னஸ் பீட்டர் வாக்னர் 1874 பிப்ரவரி 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை அடுத்த சார்டியர்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பின்னாளில் அந்த ஊர் கார்னகி என்ற பெயரைப் பெற்றது. பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. குடும்பத்தில் குழந்தைகள் பலர். பன்னிரண்டாம் வயதில் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, தந்தையோடும் சகோதரர்களோடும் வாக்னரும் சுரங்கத்துக்குள் இறங்கினார். முடிதிருத்தும் தொழிலும் கற்றுக்கொண்டார். ஓய்வு நேரத்தில் சகோதரர்களோடு சேர்ந்து பேஸ்பால் ஆடினார்.

அகன்ற மார்பு, நீண்ட கைகள், மிகப் பெரிய உள்ளங்கைகள், வில்லாக வளைந்த கால்கள். பார்த்தவுடன் விளையாட்டு வீரர் என்று சொல்லத் தோன்றாத உடல்வாகு அவருடையது. 1890-களின் நடுவில் எட் பேரோ என்ற அணி மேலாளர், ரயில் பாதை ஓரமாகக் கற்களை வெகுதூரம் வீசிக்கொண்டிருந்த அந்த இளைஞரைக் கண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார் என்று வாக்னரின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1897-இல் லூயிவில் அணியின் வழியாக முதல்நிலைப் போட்டிகளுக்கு வந்தார். 1900-ஆம் ஆண்டு அந்த அணியின் உரிமையாளர் பார்னி டிரைஃபஸ் தம் சிறந்த வீரர்களுடன் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு மாறியபோது, வாக்னர் சொந்த ஊருக்கே திரும்பிவந்தார். 1917-இல் ஆட்டத்திலிருந்து விலகும் வரை வேறு எந்த அணிக்கும் அவர் செல்லவில்லை.

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். அதில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே நிற்கும் தடுப்பாளரை 'ஷார்ட்ஸ்டாப்' என்பார்கள். வேகமாக வரும் பந்துகளை எதிர்கொள்ள வேண்டிய கடினமான இடம் அது. அங்கு நின்று புகழ் பெற்றவர் வாக்னர். மட்டை வீச்சிலோ, நேஷனல் லீகின் மிக உயர்ந்த சராசரியை எட்டு ஆண்டுகள் தம் வசம் வைத்திருந்தார். 3,400-க்கும் மேற்பட்ட முறை பந்தை அடித்துத் தளத்தைச் சேர்ந்தார். எதிரணி அசந்த நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதில் 700 முறைக்கு மேல் வெற்றி பெற்றார். வளைந்த கால்களுடன் அவர் ஓடிய வேகத்தைக் கண்டு ரசிகர்கள் 'பறக்கும் டச்சுக்காரர்' என்று பெயர் சூட்டினர். அவர் டச்சுக்காரர் அல்லர். ஜெர்மானியரை அப்படி அழைப்பது அப்பகுதி மக்களின் வழக்கம்.

தோல்வியும் அவருக்கு உண்டு. 1903-இல் நடந்த முதல் உலகத் தொடரில் பாஸ்டன் அணியிடம் பிட்ஸ்பர்க் தோற்றது. அத்தொடரில் வாக்னரின் ஆட்டம் எடுபடவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1909-இல் டெட்ராய்ட் அணிக்கு எதிராக மீண்டும் வாய்ப்பு வந்தது. எதிரணியின் நட்சத்திரம் டை காப், வாக்னரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஏழு ஆட்டங்கள் கொண்ட அத்தொடரை பிட்ஸ்பர்க் வென்றது. வாக்னரின் மட்டைச் சராசரி .333, காப்பின் சராசரி.231.

பணத்தின் அருமை அறியாதவர் என்றும் அவரைச் சொல்ல முடியாது. 1908-ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கும் முன் ஓய்வு பெறப்போவதாக அறிவித்தார். பிறகு அவர் ஆடத் திரும்பியபோது, 5,000 டாலராக இருந்த ஆண்டு ஊதியம் 10,000 டாலராகியிருந்தது. அதற்கு முன்பே, 1905-இல், லூயிவில் நகரின் ஹில்லரிச் என்ற மட்டை தயாரிப்பு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, தம் கையெழுத்தை மட்டைகளில் பொறிக்க அனுமதித்தார். விளையாட்டு வீரர் ஒருவர் தம் பெயரை ஒரு பொருளுக்கு வழங்கிய மிகத் தொடக்ககால ஒப்பந்தங்களுள் அதுவும் ஒன்று. தம் பெயருக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இந்தப் பின்னணியில்தான் அட்டையின் கதை வருகிறது. அன்றைய அமெரிக்காவில் சிகரெட் தொழில் ஏறக்குறைய முழுவதும் ஜேம்ஸ் டியூக் உருவாக்கிய அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனியின் பிடியில் இருந்தது. மெல்லிய காகிதப் பெட்டிக்குள் சிகரெட்டுகள் நசுங்காமல் இருக்க ஒரு விறைப்பான அட்டை தேவைப்பட்டது. அதில் ஒரு படத்தை அச்சிட்டால், பெட்டியைக் காப்பதோடு வாங்குபவரை அடுத்த பெட்டிக்கும் வரவழைக்கலாம். 1909 முதல் 1911 வரை இந்நிறுவனம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேஸ்பால் படங்களை, பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் உள்ளிட்ட பதினாறு வணிகப் பெயர்களின் விளம்பரத்துடன் வெளியிட்டது. புகை பிடிப்பவர் சிகரெட்டை எடுத்துக்கொள்ள, அட்டை அவர் வீட்டுச் சிறுவனிடம் போய்ச் சேரும். சிறுவர்கள் கடை வாசலில் நின்று, வெளியே வருவோரிடம் படம் கேட்டு வாங்குவதும் அன்று வழக்கமாக இருந்தது.

வாக்னரின் படத்தைப் பயன்படுத்த அனுமதி வாங்கித் தருமாறு பிட்ஸ்பர்க் பத்திரிகையாளர் ஜான் கிரூபரை நிறுவனம் அணுகியது. அனுமதி கிடைத்தால் கிரூபருக்குப் பத்து டாலர். கிரூபர் கடிதம் எழுதினார். தம் படம் சிகரெட் பெட்டியில் வருவதில் விருப்பமில்லை என்று வாக்னர் பதில் எழுதினார். தம்மால் கிரூபருக்கு இழப்பு நேரக் கூடாது என்பதற்காக, அதே உறையில் பத்து டாலருக்கு ஒரு காசோலையையும் இணைத்தார். கிரூபர் அந்தக் காசோலையைப் பணமாக மாற்றாமல் சட்டமிட்டு வைத்துக்கொண்டார். வாக்னர் இன்னும் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1912-இல், 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' இதழ் இதைச் செய்தியாக வெளியிட்டது.

வாக்னர் மறுத்தது ஏன்? சிறுவர்கள் தம் படத்துக்காகப் புகையிலையை நாடுவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு விளக்கம். அவர் எதிர்பார்த்த தொகை கிடைக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கத்தை ஆதரிப்போர், வாக்னர் தாமே புகையிலை மெல்லும் பழக்கமுள்ளவர் என்பதையும், அதற்கு முன் சுருட்டு விளம்பரம் ஒன்றில் அவர் படம் வந்திருப்பதையும் சுட்டிக்காட்டுவர். பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் நான் முதலில் இரண்டாவது விளக்கத்தின் பக்கமே சாய்ந்தேன். ஆனால், அந்தக் காசோலை என்னைத் தடுத்துவிட்டது. கூடுதல் தொகைக்காகப் பேரம் பேசுபவர் இடைத்தரகருக்குத் தம் கைப்பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள மாட்டார். தாம் புகையிலையைப் பயன்படுத்துவது வேறு, அதைச் சிறுவர் கைக்குக் கொண்டு சேர்க்கும் தூண்டிலில் தம் முகத்தை இரையாக வைப்பது வேறு என்று அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

மறுப்பு நிறுவனத்தை எட்டுவதற்குள் சில அட்டைகள் வெளியே போய்விட்டன. ஐம்பதிலிருந்து இருநூறு வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. இன்று இருப்பதாக அறியப்பட்டவை ஏறத்தாழ அறுபது. ஒன்றரை அங்குல அகலமும் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயரமும் கொண்ட அட்டை, வெள்ளை ஓரம், ஆரஞ்சு நிறப் பின்னணியில் நடுவகிடு எடுத்த தலையுடன் வாக்னரின் மார்பளவுப் படம். சட்டையில் ஊர்ப்பெயர் கடைசி எழுத்தான 'எச்' இல்லாமல் அச்சாகியிருக்கும். அக்காலத்தில் அந்நகரின் அதிகாரபூர்வ எழுத்துமுறை அதுதான். 1911-இல்தான் விடுபட்ட எழுத்து மீண்டும் சேர்ந்தது. அதே 1911-இல், முற்றுரிமைத் தடைச் சட்டத்தின் கீழ் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தப் புகையிலைப் பேரரசைப் பல துண்டுகளாக உடைத்தது. அந்த அட்டை வரிசையும் அந்த ஆண்டோடு நின்றது.

இவற்றை முறையாகப் பட்டியலிட்டவர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிராகியூஸ் நகரில் வாழ்ந்த எளிய தொழிலாளி, மூட்டுவாதத்தால் முடங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய பட்டியலில் இந்த வரிசைக்குக் கிடைத்த குறியீடுதான் 'டி 206'. சேகரிப்போர் இன்றும் அதையே பயன்படுத்துகின்றனர். மற்ற அட்டைகள் சில சென்ட்டுகளுக்குக் கைமாறிய காலத்தில், வாக்னர் அட்டைக்கு ஐம்பது டாலர் என்று அவர் மதிப்பிட்டார். தாம் சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுப் படங்களையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாக வழங்கினார். வளைந்துபோன விரல்களால் அவற்றை ஏடுகளில் தாமே ஒட்டி முடித்தது 1963 ஜனவரியில். இரண்டு மாதங்களில் காலமானார்.

அதன் பிறகு சந்தையின் போக்கு மாறியது. இன்று இத்தகைய அட்டையை விற்க விரும்புவோர் அதை முதலில் தரமதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புகின்றனர். அங்கு நான்கு முனைகளும் கூர்மையாக உள்ளனவா, ஓரங்கள் சிதையாமல் உள்ளனவா, மேற்பரப்பில் மடிப்போ கறையோ உண்டா, நான்கு பக்க வெள்ளை ஓரமும் சமமாக அமைந்துள்ளதா என்று பார்ப்பர். உருப்பெருக்கியின் கீழ் ஓரத்து இழைகளை ஆராய்வர். பிற்காலத்தில் வண்ணம் பூசப்பட்டதா என்பதைப் புற ஊதாக் கதிர் காட்டிக்கொடுக்கும். அளவு குறைந்தால் ஓரம் நறுக்கப்பட்டதோ என்ற ஐயம் எழும். நறுக்கப்பட்டது உறுதியானால், அசல் என்ற சான்று மட்டுமே கிடைக்கும், எண் கிடைக்காது. மற்றவற்றுக்கு ஒன்று முதல் பத்து வரை ஓர் எண் வழங்கி, பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்து மூடிவிடுவர்.

இதற்குத் தேவை இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், நல்ல பொருளும் விலை போகாமல் தேங்கும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். பின்னர் நோபல் பரிசும் பெற்றார். பழைய கார்களுக்கு அவர் சொன்னது பழைய அட்டைகளுக்கும் பொருந்தும். மூன்றாம் தரப்புச் சான்று அந்த அறியாமையைப் போக்கும் என்பதே நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு நேர்ந்த கதியையும் சொல்ல வேண்டும். வாக்னர் அட்டைகளுள் மிகப் பளிச்சென்ற ஒன்று 1985-இல் 25,000 டாலருக்குக் கைமாறியது. 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் அதை 4,51,000 டாலருக்கு வாங்கினர். அவ்வாண்டு தொடங்கப்பட்ட பி.எஸ்.ஏ. என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் தன் முதல் சான்றை இந்த அட்டைக்கே வழங்கியது. கொடுத்த எண் எட்டு. 2000-இல் 12.65 லட்சம் டாலர். 2007-இல் 28 லட்சம் டாலர். இருபத்திரண்டு ஆண்டுகளில் 112 மடங்கு, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 24 சதவீதக் கூட்டு வளர்ச்சி. 2013-இல், 1985-இல் அதை வாங்கிய ஏலத் தொழிலதிபர் மோசடி வழக்கு ஒன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, இந்த அட்டையின் ஓரங்களைத் தாமே நறுக்கிச் சீராக்கியதையும் ஒப்புக்கொண்டார். எட்டு என்ற அந்த எண், கத்தரியின் வேலைக்குக் கிடைத்த மதிப்பெண்.

மறுபுறம், 2010-இல் பால்டிமோர் நகரின் கன்னியர் சபை ஒன்றுக்கு, அச்சபைச் சகோதரி ஒருவரின் உடன்பிறந்தார் விட்டுச்சென்ற வாக்னர் அட்டை வந்து சேர்ந்தது. வெள்ளை ஓரம் பெரும்பாலும் வெட்டப்பட்டு, மடிப்பு விழுந்து, நைந்த அட்டை. குறை எதையும் மறைக்காமல் ஏலத்துக்கு விட்டனர். கேட்கப்பட்ட உச்ச விலை 2,62,000 டாலர். 2021-இல், தரத்தில் மூன்று மட்டுமே பெற்ற வேறோர் அட்டை 66 லட்சம் டாலருக்கும், 2022-இல் இரண்டு பெற்ற ஒன்று 72.5 லட்சம் டாலருக்கும் விற்பனையாயின. குறையை அறிந்தே வாங்க ஆள் இருக்கிறது. அவர்கள் கொடுக்கும் விலை தாளின் பளபளப்புக்கு மட்டும் உரியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வாக்னருக்கு இவற்றால் ஒரு காசும் வரவில்லை. அதற்காக அவர் ஏங்கியதாகவும் தெரியவில்லை. 1916-ஆம் ஆண்டின் கடைசி நாளில் பெஸ்ஸி ஸ்மித்தை மணந்தார். முதல் குழந்தை இறந்தே பிறந்தது; பின்னர் இரண்டு மகள்களை வளர்த்தார். பெருமந்த காலத்தில் வருவாய் சுருங்கி நெருக்கடிக்கு உள்ளானார். 1933-இல் பைரேட்ஸ் அணி அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. அறுபதை நெருங்கிய வயதில் மீண்டும் சீருடை அணிந்து, 1952 வரை இளம் வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1936-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்வான ஐவருள் அவரும் ஒருவர். 226 வாக்குகளில் 215 பெற்று, பேப் ரூத்துக்குச் சமமாக நின்றார். 1955 ஏப்ரல் 30 அன்று பிட்ஸ்பர்க்கில் அவருக்கு வெண்கலச் சிலை திறக்கப்பட்டபோது, நலிந்த உடலுடன் அவரும் அங்கிருந்தார். அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று, 81-ஆம் வயதில், தாம் பிறந்து வளர்ந்த கார்னகியிலேயே மறைந்தார்.

இந்த வரலாற்றைப் படித்து முடித்த மாலையில் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. ஓவர்களுக்கு நடுவே, நாடே கொண்டாடும் முகங்கள் ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றைக் கையில் பிடித்துச் சிரித்தன. புகையிலை விளம்பரத்துக்கு நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. அதே வணிகப் பெயரை ஏலக்காய்க்குச் சூட்டினால், சட்டம் பார்வையைத் திருப்பிக்கொள்கிறது. பத்து வயதுப் பேரன் அந்த விளம்பரப் பாட்டை முணுமுணுத்தான். அந்த முகங்களுக்கு உரியவர்கள் எவரும் வறியவர் அல்லர். சுரங்கத்திலிருந்து வந்தவருக்கு முடிந்த மறுப்பு, எல்லாம் பெற்றவர்களுக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு என் பாடநூல்களில் விடை இல்லை.

ஒருவர் எதையெல்லாம் விற்றார் என்பதைப் பொருளாதாரம் துல்லியமாகக் கணக்கிடும். எதை விற்க மறுத்தார் என்பதற்கு அதில் தனிப் பத்தி கிடையாது. வாக்னர் தம் கையெழுத்தை மட்டைக்கு விற்றார். உழைப்புக்கு உரிய ஊதியத்தைக் கேட்டு வாங்கினார். சிகரெட் பெட்டிக்கு முகத்தைத் தர மறுத்து, அதற்காகப் பத்து டாலரைத் தாமே செலவிட்டார். அந்த அட்டை அரிதானதற்குக் காரணம் அந்த மறுப்புதான்.

அன்று வகுப்பில் எழுந்து கேட்ட மாணவி இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும். பல ஆண்டுகள் தாமதமாக வரும் இந்த விடையை அவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).